சூரியன் போட்ட கவர்

"நீ எங்க சுத்துனாலும் சனிக்கிழம இங்கதான் வந்து நிப்ப, பாரு."

கடலூர் பழைய டவுனில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஒருவர் என்னிடம் சொன்னது இது. நான் ஐந்து அட்டை மாத்திரை கேட்டேன். இரண்டுதான் தருவேன் என்றார். "நான் லேப்ல கெமிஸ்ட்டா இருக்கேன். எது எவ்வளவு போடணும்னு எனக்குத் தெரியும். இனிமே உங்க கடப்படி ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அவர் கோபப்படவில்லை. பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் அதைச் சொன்னார். சனிக்கிழமை வரைகூட என்னால் தாங்க முடியவில்லை. வியாழக்கிழமையே போய் நின்றேன். அவர் இரண்டு அட்டையை எடுத்து வைத்தார்.

அடுத்த வாரம் என் இடது காலில் இருக்கும் தகட்டை எடுக்கப் போகிறார்கள். வலிக்கும். முதல் முறை வலித்தபோது என்ன ஆனேன் என்பதை, மறுபடி வலி வருவதற்குள் எழுதி வைத்துவிட வேண்டும் என்று தோன்றியது.

எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அப்பா துறைமுகத்துப் பக்கம் லாரியில் சுமை ஏற்றுகிறவர். அம்மா முந்திரி உடைக்கப் போகிறவள். முந்திரி ஓட்டு எண்ணெய் பட்டுப் பட்டு அவள் விரல்நுனிகள் கறுத்து, தோல் உரிந்து, ரேகையே இல்லாமல் போய்விட்டன. நான் கெமிஸ்ட்ரி படித்து, குடிகாட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கெமிக்கல் கம்பெனி லேபில் வேலைக்குச் சேர்ந்தேன். வெள்ளைக் கோட்டைத் துவைத்துக் கொடியில் போடும்போது, தெருப்பக்கம் தெரிகிற மாதிரிதான் போடுவாள் அம்மா. அதில் எனக்கும் பெருமைதான்.

வீட்டில் வாங்குகிற எல்லா மாத்திரைக்கும் நான்தான் பொறுப்பு. அப்பாவுக்கு பிரஷர் மாத்திரை, அம்மாவுக்கு சர்க்கரை மாத்திரை. இரண்டு பேருக்கும் படிக்கத் தெரியாததால் மருந்துக்கடைக் காகிதக் கவரில் பால்பாயிண்ட் பேனாவால் படம் போட்டு வைப்பேன். காலைக்குச் சூரியன், இரவுக்கு நிலா. மதியத்துக்கு ஒரு தட்டு, மேலே நாலு சோற்றுப் பருக்கை. அப்பா மாத்திரையை விழுங்கும் முன் கவரை என் பக்கம் திருப்பி, "சூரியன்தான பாப்பா?" என்று ஒரு தடவை கேட்டுக்கொள்வார்.

எங்கள் ஊரையே புரட்டிப் போட்ட புயலுக்கு முந்தைய வருஷம், ஷிப்ட் முடிந்து ஷேர் ஆட்டோவில் வந்தபோது ஒரு டேங்கர் லாரி உரசிக் கவிழ்ந்தோம். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகப் போனது. தகடும் ஆறு திருகாணியும் வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது வலிக்கு ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள். அதன் பெயர் டிரமடால். அபின் இருக்கிறதே, அதற்கு உறவுக்காரன். கம்பெனியில் தயாராகிறது, அட்டையில் வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அபின் போய் உட்காரும் அதே இடத்தில்தான் மூளையில் இதுவும் உட்காரும். இது எனக்கு அப்போதே தெரியும். அதன் வேதி அமைப்பைத் தாளில் வரைந்து காட்டச் சொன்னால் வரைந்திருப்பேன். தெரிந்தவளுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன்.

பத்து நாளைக்கு எழுதித் தந்தது. என் கவரிலும் சூரியனும் நிலாவும் போட்டு அலமாரியில் வைத்தேன்.

முதல் மாத்திரை வலியை மட்டும் எடுக்கவில்லை. ஆட்டோ கவிழ்ந்த சத்தம், திரும்ப வேலைக்கு எடுப்பார்களா என்ற கவலை, நொண்டிக் காலோடு கம்பெனி கேட்டில் நுழைய வேண்டிய வெட்கம் எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துப் போனது. பத்து நாள் முடிந்ததும் வெறும் அட்டையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். எங்கள் பக்கம் டாக்டர் சீட்டெல்லாம் யாரும் கேட்பதில்லை. வெறும் அட்டையைக் காட்டினால் அதே மாத்திரை வரும். கவரில் மதியத்துக்கும் ஒரு தட்டு வரைந்தேன். பிறகு சாயங்காலத்துக்கு என்ன வரைவது என்று தெரியவில்லை. வரைவதை நிறுத்திவிட்டேன். ஒரு வருஷம் போவதற்குள் ஒரு நாளைக்கு ஒரு அட்டையைத் தாண்டிவிட்டது.

"உன் கவருல ஏண்டி படம் இல்ல?" என்று அம்மா ஒருநாள் கேட்டாள்.

"எனக்குப் படிக்கத் தெரியும்மா. படம் எதுக்கு?"

அவள் கவரை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டாள். நான் சொன்ன விதம் அப்படி.

அப்புறம் புயல் வந்தது. வருஷத்தின் கடைசி நாட்கள். பொழுது விடிந்தபோது எங்கள் தெருவில் ஒரு மரம் நிற்கவில்லை. கம்பங்கள் முறிந்து ஒயர்கள் தரையில் கிடந்தன. எங்கள் கூரைத் தகடு பறந்து போயிருந்தது. அதைப் பிடிக்கப் போன அப்பாவின் தோளில் தகட்டின் விளிம்பு இறங்கியிருந்தது. மஞ்சக்குப்பத்தில் ஒரு டாக்டர் மெழுகுவத்தி வெளிச்சத்தில் தையல் போட்டு, கையிலிருந்த மாத்திரையில் ஒரு அட்டை கொடுத்தார். வாங்கிப் பார்த்தேன். என் மாத்திரை.

அன்று என்னிடம் நாலு மாத்திரைதான் மிச்சம். கடைகளில் ஷட்டர் இறங்கிக் கிடந்தது. சில கடைகளில் ஷட்டரே இல்லை, உள்ளே தண்ணீர்.

நான் செய்ததை இதற்கு முன் எழுதியதில்லை. அப்பாவின் அட்டையை எடுத்துக்கொண்டேன். வீட்டிலிருந்த சாதாரண காய்ச்சல் மாத்திரைகளை ஒரு கவரில் போட்டேன். கவரில் சூரியன் வரைந்தேன். நிலா வரைந்தேன். சூரியனின் கதிர்கள் கோணலாக வந்தன. அடித்துவிட்டு இன்னொரு கவரில் ஒழுங்காக வரைந்தேன்.

அப்பா இரண்டு நாள் தார்ப்பாய்க்குக் கீழே சுவரில் சாய்ந்தபடியே கிடந்தார். படுக்க முடியவில்லை. "நீ குடுத்தத வேளாவேளைக்குப் போடறன் பாப்பா. வலி கேக்கல. புயல்ல மருந்துகூட நமுத்துப் போயிருக்குமோ என்னமோ" என்றார். நான் அவர் தோளில் ஒத்தடம் கொடுத்தேன். எனக்கு எந்த வலியும் இல்லை.

அந்த அட்டையும் தீர்ந்தது. மறுநாள் காலை கொட்டாவியில் தொடங்கியது. நிற்காத கொட்டாவி. மூக்கும் கண்ணும் ஒழுகின. பனிக்குளிரில் வியர்த்தது, வியர்வையில் குளிர்ந்தது. உடம்பு முழுக்க மயிர்க்கால் குத்திட்டு நின்றது. வயிறு தண்ணீராகப் போனது. தலைக்குள் மின்சாரம் அடிப்பதுபோல் சுள் சுள் என்று வெட்டியது. தகடு இருந்த காலும் இல்லாத காலும் தாமாகவே உதைத்துக்கொண்டன. இதற்கெல்லாம் மேலே ஒரு பயம். எதைப் பார்த்தும் இல்லை, வெறும் பயம்.

"சேத்துத் தண்ணில நின்னா. எலிக்காய்ச்சலா இருக்கும்" என்றாள் அம்மா. தையல் போட்ட தோளோடு அப்பா என்னைத் தாங்கிக்கொண்டு பஸ் ஏறினார். வழியெல்லாம் மரம் அறுத்துக்கொண்டிருந்தார்கள். சிதம்பரம் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் புயலில் அடிபட்டவர்கள், காய்ச்சல்காரர்கள், தரையெல்லாம் பாய். பெண்கள் வார்டில் ஒரு கட்டில் கிடைத்தது. சலைன் ஏற்றினார்கள். டைபாய்டு, மலேரியா, டெங்கு, எலிக்காய்ச்சல் என்று ரத்தம் எடுத்தார்கள். "வேற ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா?" என்று கேட்ட ஹவுஸ் சர்ஜனிடம் ஆங்கிலத்தில் "நோ" என்றேன். நான் என்ன படித்திருக்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். அதற்கப்புறம் என்னிடம் மரியாதையாகப் பேசினார். ரிசல்ட் ஒவ்வொன்றாக வந்தது. ஒன்றிலும் ஒன்றுமில்லை. ஒவ்வொன்று வரும்போதும் அம்மா சந்தோஷப்பட்டாள். எனக்கு மட்டும் தெரியும்.

மூன்றாம் நாள் அம்மாவைக் கூப்பிட்டு வெறும் அட்டை ஒன்றைக் கொடுத்தேன். "கால் வலி உயிர் போகுதும்மா. பஸ் ஸ்டாண்டாண்ட ஒரு மருந்துக்கடை தொறந்திருக்கும். இதக் காட்டி ரெண்டு அட்ட வாங்கியா. நர்சுகிட்ட சொல்லாத, திட்டுவாங்க."

சிதம்பரத்தில் ஒரு கடையைக்கூட அறியாதவள், விசாரித்து விசாரித்துப் போய் வாங்கி வந்தாள். இட்லிப் பொட்டலத்தின் அடியில் வைத்து எடுத்து வந்தாள். நான் கேட்காமலேயே தண்ணீர் மோந்து கொடுத்தாள். அவள் சாம்பார் பையைப் பிரிக்கும் நேரத்தில் எட்டு மாத்திரை விழுங்கினேன்.

அதற்கு அப்புறம் நடந்தது எனக்குத் தெரியாது. பக்கத்துக் கட்டில்காரர்கள் சொல்லித்தான் தெரியும். கண் மேலே செருகி, கை கால் வெட்டி இழுத்து, நாக்கைக் கடித்து, வாயில் ரத்தம் வந்திருக்கிறது. யாரோ சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்களாம். டிரமடாலை ஒரே நேரத்தில் அதிகமாகப் போட்டால் வலிப்பு வரும். இதையும் நான் எங்கேயோ படித்திருந்தேன்.

தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். கூரைக்கு வைத்திருந்த பணம் அதற்குப் போனது. மழைக்காலம் வரை எங்கள் வீட்டுக்குத் தார்ப்பாய்தான். தலையில் ஒயர்களை ஒட்டி மூளையின் மின்னோட்டத்தை வரைபடமாக எடுத்தார்கள். வலிப்பு நோயாக இருக்கலாம், வருஷக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டும் என்று பேச்சு வந்தது. பக்கத்துக் கட்டில் அம்மாள் என் அம்மாவிடம், "வெளிய சொல்லாத. பொண்ணு கல்யாணத்துக்கு நிக்கிறா" என்றாள். வலிப்பு என்றே இருந்துவிட்டுப் போகட்டும் என்று நான் நினைத்தேன். நோய்க்கு யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள்.

சாயங்கால ரவுண்டில் மனநலப் பிரிவிலிருந்து ஒரு பெண் டாக்டர் வந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். கட்டிலில் உட்கார்ந்து என் கண்ணின் பாப்பாவைப் பார்த்தார். ஆபரேஷன் தழும்பைத் தொட்டுப் பார்த்தார்.

"வலிக்கு என்ன மாத்திர போடறீங்க?"

"எப்பவாவது ஒண்ணு. ரொம்ப வலிச்சா ரெண்டு."

"இல்லீங்கம்மா" என்றாள் அம்மா. கட்டிலின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்திருந்தவள் மஞ்சள் பையை மடியில் எடுத்து வைத்தாள். புயலில் ரேஷன் கார்டோடு சேர்த்து அவள் காப்பாற்றிக் கொண்டுவந்த பை. வெறும் அட்டையைக் காட்டினால்தான் மருந்து கிடைக்கும் என்பதால் வீட்டில் எந்த அட்டையையும் அவள் எறிய மாட்டாள். எல்லாருடையதையும் தனித்தனியாக ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தாள்.

"இது அவுங்க அப்பாவோடது. இது என்னுது. இது..." என்று ஒரு கட்டை எடுத்தாள். ரப்பர் பேண்டு போதாமல் சணல் போட்டுக் கட்டியிருந்தது. அதற்கடியில் இன்னொன்று. பிறகு இன்னொன்று. "இது படம் போடாத கவரு. இது அவுளோடது. எங்களுக்குப் போட்டவ இதுக்கு மட்டும் ஏன் போடலன்னு அன்னிக்கே நெனச்சேன். கேட்டா கோவிச்சிக்குவான்னு வுட்டுட்டேன்."

வெள்ளி அட்டைகள் கட்டில் விரிப்பின் மேல் சரிந்தன. டாக்டர் எண்ணவில்லை. அம்மாவைப் பார்த்து, "நல்ல வேல பண்ணீங்கம்மா" என்றார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு அழுகை வரவில்லை. என் அம்மா மேல் வந்தது கோபம்தான். அதையும் சொல்லிவிடுகிறேன்.

என்னை மனநலப் பிரிவுக்கு மாற்றினார்கள். "எம் பொண்ணு பைத்தியம் இல்லீங்களே. குடிக்கிறவளும் இல்ல" என்று அப்பா ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் அவரை உட்கார வைத்துச் சொன்னார். உடம்பு தானே கொஞ்சம் வலி மருந்து சுரக்கிறது. வெளியிலிருந்து தினமும் வந்தால் அது தன் வேலையை நிறுத்திவிடும். திடீரென்று வெளி மருந்தும் நின்றால் உடம்புக்கு ஒன்றும் இருக்காது. அதனால் அதே மாத்திரையைக் குறைத்துக் குறைத்து நிறுத்த வேண்டும். வியர்வைக்கும் படபடப்புக்கும் ஒரு மருந்து, வலிப்பு வராமலிருக்க ஒரு மருந்து. "இது திமிருனால வர்றது இல்லீங்க. ஆனா திரும்ப வரும். காவல் வேணும்."

எந்தெந்தக் கடை என்று கேட்டார். மூன்று கடை சொன்னேன்.

மாத்திரைகள் அம்மாவிடம் ஒப்படைக்கப்பட்டன. நர்சம்மா கவரை நீட்டி வேளையைச் சொல்லத் தொடங்கியதும் அம்மா தடுத்தாள். "இருங்க சிஸ்டர். ஒரு பேனா குடுங்க. சூரியன் போடுங்க மேல." நர்சம்மாவுக்குப் புரியவில்லை. கடைசியில் அம்மாவே பேனாவைப் பிடித்தாள். வாழ்க்கையில் முதல் முறை. ஒரு வட்டம் போட நாலு தடவை பேனாவை எடுத்து எடுத்து வைத்தாள். கதிருக்குக் கோடு போட்டாள். அந்தக் கவரிலிருந்துதான் எனக்கு வேளைக்கு ஒன்று வந்தது. நான் விழுங்கியதும், "ஆ காட்டு" என்பாள். இருபத்து நாலு வயதில் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டுவேன்.

அங்கே குடியை விட வந்தவர்கள்தான் அதிகம். ஆண்கள் பக்கம் தனி. சாப்பாட்டு வரிசையில் மட்டும் சேர்ந்து நிற்போம். ஸ்ரீமுஷ்ணத்துக்காரர் ஒருவர் தட்டை ஏந்திக்கொண்டு, "நீ எந்தக் கட தங்கச்சி?" என்றார்.

"மருந்துக்கட."

"அடேயப்பா. எங்க கடைக்கு எதிருலதான். நாங்க ரோட்டுல வுழுந்து கெடந்தோம், ஊரே வந்து தூக்குச்சி. நீ வூட்டுக்குள்ளயே வுழுந்திருக்க, ஒருத்தருக்கும் தெரியல பாரு." வரிசையில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அவர் இரண்டு முறை விட்டுத் திரும்ப வந்தவர். இப்போது எப்படி இருக்கிறார் என்று தெரியாது.

குறைக்கும் ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று நாள் நரகம். பிறகு உடம்பு கொஞ்சம் சமாதானமாகும். அதற்குள் அடுத்த குறைப்பு. தூக்கம் திரும்புவதற்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

கடைசி மாத்திரை நின்ற வாரம் அப்பா ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். தோளைத் தூக்க முடியாமல் இடது கையால் உரித்துக்கொண்டிருந்தார். அவர் வாயில் ஒரு சுளையைப் போட்டுக்கொண்ட நேரத்தில் சொன்னேன். புயலன்று மாற்றியதை. கவரில் வரைந்ததை.

அப்பா மென்றுகொண்டே இருந்தார். விழுங்கவில்லை. பிறகு, "நான் மருந்து நமுத்துப் போச்சின்னு நெனச்சேன்" என்றார். மீதிப் பழத்தையும் உரித்துத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போனார். மறுநாளும் வந்தார். எப்போதும்போல் பேசினார். ஆனால் இன்றுவரை மாத்திரைக் கவரை என் பக்கம் திருப்பிக் காட்டுவதில்லை. பக்கத்து வீட்டில் ஆறாவது படிக்கும் பெண்ணிடம் போய்க் காட்டிவிட்டு வருகிறார். நான் வாசலில் இருந்தால் என்னைத் தாண்டித்தான் போகிறார். அதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

பத்து மாதம் ஆகிறது. ஒரு மாத்திரையும் போடவில்லை. இப்போது தகட்டை எடுத்தாக வேண்டும். திருகாணி ஒன்று தளர்ந்து தோலைக் குத்துகிறது.

போன திங்கட்கிழமை அம்மாவோடு எலும்பு டாக்டரிடம் போனேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் கேஸ் சீட்டின் தலையில் சிவப்பு மையால் எழுதி அடிக்கோடிட்டார். அந்தக் காலை மட்டும் மரத்துப்போக வைக்க ஊசி உண்டு, வேறு வகை வலி மாத்திரைகள் உண்டு என்றார். டிரமடால் வகை கட்டாயம் வேண்டியிருந்தால் நர்ஸ் கையால் வார்டில் மட்டும், வீட்டுக்கு ஒன்றுகூடத் தர மாட்டேன் என்றார். சம்மதப் படிவத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். அம்மா விரலை வைத்தாள். ரேகை விழவில்லை, கறுப்பாக ஒரு வட்டம்தான் விழுந்தது.

ஆஸ்பத்திரிக்குள் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். வீட்டுக்கு வந்தபிறகு? வெறும் அட்டைகூட எனக்கு வேண்டாம். கடைக்காரர்களுக்கு என் முகம் போதும்.

வேலைக்கு விண்ணப்பிக்க எடுத்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோக்கள் டிரங்குப் பெட்டியில் மிச்சமிருந்தன. வெள்ளைக் கோட்டோடு எடுத்த படம். நேற்று சனிக்கிழமை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு முதலில் பழைய டவுன் கடைக்குப் போனேன். அவர் என்னைப் பார்த்ததும் பேப்பரை மடித்தார். கை அலமாரிப் பக்கம் போனது.

"அது வேணாம்ணா. அடுத்த வாரம் கால்ல ஆபரேசன்" என்று படத்தைக் கண்ணாடி மேல் வைத்தேன். "இத ஒட்டி வச்சிக்குங்க. இந்த மூஞ்சிக்கு அந்த மாத்திரய விக்காதீங்க. யார் சீட்டக் காட்டுனாலும், அழுதாலும், இங்கிலீஷ்ல பேசுனாலும்."

அவர் படத்தையும் என்னையும் பார்த்தார். "ஆபரேசன்னு சொல்ற. வலிச்சா இன்னா பண்ணுவ?"

"வலிக்கும்ணா."

அவர் படத்தைக் கையில் எடுத்தார். பிறகு கல்லாவுக்கு மேலே, சாமி படத்துக்குக் கீழே, செல்லோ டேப்பை வாயால் கடித்து ஒட்டினார்.

படியிறங்கியதும் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இன்னும் ரெண்டு கடதான? அந்த டாக்டரம்மாகிட்ட மூணுன்னுதான சொன்ன."

பர்சைத் திறந்து மிச்சப் படங்களை அவள் கையில் கொடுத்தேன். அவள் எண்ணினாள்.

"மூணு இருக்குதே."

"ஆமாம்மா. இன்னும் மூணு கட" என்றேன். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். படங்களை முந்தானையில் முடிந்துகொண்டு, நான் சொல்லாமல் விட்ட அந்தக் கடைக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று மட்டும் கேட்டாள். முதலில் அங்கேதான் கூட்டிப் போனேன்.